பால்போசிச் சத்தமும் பசுவின் மடியும்: புலனுணர்வு, புலன்காட்சி, ஆக்கநிலையிறுத்தம் ஆகியவற்றை வீட்டிலேயே செய்து கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில், பக்கத்துத் தோட்டத்துக்காரர் விடியற்காலை நாலரை மணிக்கு மாடு கட்டும் கட்டுத்தரைக்கு வந்து பால் கறக்கும் பாத்திரமான பால்போசியை எடுக்கும்போது, அதன் கைப்பிடி விளிம்பில் மோதி ஒரு சத்தம் எழும். அந்தச் சத்தம் எழுந்த ஓரிரு நிமிடங்களில், கன்றை அவிழ்த்து விடுவதற்கும் மடியைக் கழுவுவதற்கும் முன்பாகவே, பசுவின் காம்பு நுனியில் பால் துளிர்த்து நிற்பதை டார்ச் வெளிச்சத்தில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். "சத்தங் கேட்டாப் போதுமுங்க, தானாச் சொரப்பு விட்டுரும்" என்பார் அவர். பி.எட். பாடநூலில் மூன்று தனித்தனி அத்தியாயங்களாகக் கிடக்கும் புலனுணர்வு, புலன்காட்சி, கற்றல் ஆகிய மூன்றும் அந்தக் கட்டுத்தரையில் ஒரே நிமிடத்தில் நடந்து முடிந்துவிடுகின்றன.

நான் படித்த கல்லூரியில் உளவியல் கருவிகள் எல்லாம் இருந்தன. ஆனால் அவை பீரோவுக்குள் பூட்டப்பட்டிருந்தன; சாவி யாரிடம் இருக்கிறது என்பது கடைசி வரை தெரியவே இல்லை. அதனால் வரையறைகளை மனப்பாடம் செய்தே தேர்வு எழுதினோம். அந்தக் குறை இப்போது படிக்கிறவர்களுக்கு இருக்கக்கூடாது என்பதற்காகவே, வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்து பார்க்கும் முறையில் இதை எழுதுகிறேன். ஒரே அளவுள்ள இரண்டு தண்ணீர் பாட்டில்கள், மருந்துப் புட்டியோடு வரும் 5 மில்லி மூடி, மூன்று குண்டாக்கள், ஒரு ஹேர்பின், சில வெள்ளைத் தாள்கள், இரண்டு எலுமிச்சம்பழங்கள், ஓர் எவர்சில்வர் டம்ளர், ஒரு கரண்டி, ஒரு நோட்டு ஆகியவை போதும். சோதனை செய்பவரும் சோதிக்கப்படுபவரும் ஒருவராகவே இருக்க முடியாது என்பதால், துணைக்கு ஓர் ஆள் வேண்டும். எல்லாவற்றையும் விட நோட்டுதான் முக்கியம். அவ்வப்போது எழுதி வைக்காத சோதனை, இரண்டே நாளில் கதையாகிவிடும்.

முதல் படி: புலனுணர்வு எங்கே முடிகிறது, புலன்காட்சி எங்கே தொடங்குகிறது

பொள்ளாச்சியில் தேங்காய் வாங்குகிறவர் காயைக் கையிலெடுத்து விரலால் ஒரு தட்டு தட்டுவார், காதருகே வைத்து ஒரு குலுக்கு குலுக்குவார், உடனே "இது முத்தல், இது இளசு" என்று பிரித்து வைத்துவிடுவார். காற்றில் எழுந்த அதிர்வு செவிப்பறையில் பட்டு, உட்செவியின் மயிர்ச்செல்களை அசைத்து, நரம்பில் மின்துடிப்பாக மாறுவது வரையிலான பகுதியைப் புலனுணர்வு என்கிறோம். அந்தத் துடிப்பை "முத்தல்" என்று பொருள் கொள்வது புலன்காட்சி. பக்கத்தில் நிற்கும் கல்லூரி மாணவருக்கும் அதே அதிர்வுதான் போய்ச் சேருகிறது, ஆனால் அவருக்கு அது வெறும் 'டொக்' மட்டுமே.

நரம்புக்கு வெளியே என்ன நடந்தது என்பது நரம்புக்குத் தெரியாது என்பதை ஒரு நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம். இருட்டறையில் வலக்கண்ணை மூடி, இமையின் வெளி ஓரத்தில் விரலை வைத்து மெதுவாக, மிக மெதுவாக, அழுத்துங்கள். மூக்குப் பக்கத்தில் ஒரு மங்கலான ஒளிவளையம் தோன்றும். ஒளியே இல்லாத இடத்தில் ஒளி தெரிகிறது. ஏனெனில் விழித்திரையின் நரம்பை எது தூண்டினாலும், மூளை அதை ஒளியாகவே எடுத்துக்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் யோஹன்னஸ் முல்லர் இதை ஒரு விதியாகவே வகுத்தார். கண்ணில் அறுவைச் சிகிச்சையோ கண் அழுத்த நோயோ (கிளாக்கோமா) உள்ளவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

இரண்டாம் படி: வேறுபாட்டை எடை போடுதல்

ஒரு தூண்டல் உணரப்படுவதற்குத் தேவையான மிகக் குறைந்த அளவை வாயிலளவு என்கிறோம். வாயில் என்றதும் திறந்தது, மூடியது என்று இரண்டே நிலைகளை எண்ணிக்கொள்ளக்கூடாது. ஒரே அளவு ஓசை இந்த முறை கேட்கும், அடுத்த முறை கேட்காது. ஆகவேதான், நூற்றுக்கு ஐம்பது முறை உணரப்படும் அளவையே வாயிலளவு என்று ஒரு வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள்.

இதைவிடப் பயனுள்ளது, இரண்டு தூண்டல்களுக்கு இடையே உணரக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு. இரண்டு பாட்டில்களிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். துணையாள் கண்களை மூடிக்கொண்டு, ஒரே கையால் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி, எது கனம் என்று சொல்ல வேண்டும். ஒரு பாட்டிலில் 5 மில்லி சேர்த்து, பாட்டில்களின் வரிசையை மாற்றி மாற்றிப் பத்து முறை கேளுங்கள். பிறகு 10, 15, 20 மில்லி என்று கூட்டிக்கொண்டே போங்கள். பத்தில் ஏழெட்டு முறை சரியாகச் சொல்லத் தொடங்கும் அளவை நோட்டில் குறியுங்கள். பின்னர் இரண்டு லிட்டர் பாட்டில்களைக் கொண்டு முழுவதையும் திரும்பச் செய்யுங்கள். முன்பு உணரப்பட்ட அதே 15 மில்லி, இப்போது உணரப்படாமல் போவதைக் காண்பீர்கள். லைப்சிக் நகரின் எர்ன்ஸ்ட் வெபர் 1834இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இதுதான்: உணரப்படும் வேறுபாடு நிலையான அளவாக இருப்பதில்லை, முதல் அளவில் ஒரு நிலையான பங்காக இருக்கிறது. எடை தூக்கிப் பார்ப்பதில் அந்தப் பங்கு, கவனமாகச் செய்த ஆய்வகச் சோதனைகளில், ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு. வீட்டில் இதைவிடக் கூடுதலாகத்தான் வரும், அதனால் சோதனை தவறிவிட்டது என்று எண்ண வேண்டாம். அரை லிட்டரிலும் இரண்டு லிட்டரிலும் பங்கு ஏறக்குறைய ஒன்றாக வருகிறதா என்பதையே பார்க்க வேண்டும். வெபரின் கருத்தை வளர்த்தெடுத்த குஸ்தாவ் ஃபெக்னர், 1860இல் மனத்தின் அளவையும் பொருளின் அளவையும் கணிதத்தால் இணைத்து, உளவியற்பியல் என்னும் துறைக்கே வழி திறந்தார்.

இந்தச் சோதனையில் மாணவர்கள் வழக்கமாக விடும் ஒரு பிழை உண்டு. ஒவ்வொரு முறையும் வேறுபாடு இருக்கும்படியே பாட்டில்களைக் கொடுத்தால், துணையாள் ஊகத்திலேயே "ஆமாம், இது கனம்" என்று சொல்லிவிடுவார். எனவே இடையிடையே எந்த வேறுபாடும் இல்லாத சோடியையும் கொடுத்து, அப்போதும் வேறுபாடு இருப்பதாகச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலி மஞ்சளை ஒடித்துப் பார்ப்பவரை எண்ணிக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்தது ஓர் உலோக ஒலியோடு 'டக்'கென்று ஒடியும். ஈரம் இருந்தால் அந்த ஒலி மழுங்கும். காது கூர்மையில் சமமாக இருக்கும் இரண்டு வியாபாரிகளில், போன ஆண்டு ஈர மஞ்சளை வாங்கி நட்டப்பட்டவர் சிறு ஐயம் வந்தாலே "ஈரம்" என்று தள்ளிவிடுவார், மற்றவர் வாங்கிவிடுவார். வேறுபாடு காதில் இல்லை, எந்தப் பிழைக்கு யார் அதிகம் அஞ்சுகிறார் என்பதில் இருக்கிறது. புலனின் கூர்மையையும் முடிவெடுக்கும் அளவுகோலையும் இப்படித் தனித்தனியே பிரித்துக் கணக்கிடும் முறைக்குக் குறிப்பறிதல் கோட்பாடு என்று பெயர். கிரீன், ஸ்வெட்ஸ் ஆகிய இருவரும் 1966இல் அதை விரிவாக வகுத்தார்கள்.

ஹேர்பின் சோதனை எளியது. பின்னின் இரு முனைகளையும் விரித்து, கண்ணை மூடியிருப்பவரின் விரல் நுனியில் ஒரே நேரத்தில் மெல்ல வையுங்கள். இரண்டு முனைகள் இரண்டாகவே தெரிவதற்கு விரல் நுனியில் சில மில்லிமீட்டர் இடைவெளி போதும். முதுகிலோ ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: பழகிப்போதலின் இரண்டு வகை

ஒரு குண்டாவில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், இன்னொன்றில் ஃப்ரிட்ஜ் தண்ணீர், நடுவில் உள்ளதில் சாதாரணத் தண்ணீர். வலக்கையை வெந்நீரிலும் இடக்கையைக் குளிர்நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் நடுக் குண்டாவில் விடுங்கள். ஒரே தண்ணீர் ஒரு கைக்குக் குளிர்ந்தும் மற்றொரு கைக்குச் சுட்டும் தெரியும். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். தோலில் தூண்டலை ஏற்கும் நரம்பு முனைகளான ஏற்பிகள் வெப்பநிலையை அறிக்கையிடுவதை விட, வெப்பநிலை மாறியதையே முனைப்பாக அறிக்கையிடுகின்றன என்பது இதிலிருந்து புலப்படும்.

இப்போது சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீட்டில் தூங்குகிறவரை எடுத்துக்கொள்வோம். தறி ஓடும்போது அவருக்குத் தூக்கம் கலைவதில்லை. கரண்ட் போய்த் தறிகள் நின்றுவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். குண்டாவில் நடந்ததும் இதுவும் ஒன்றென்று பலர் எழுதிவிடுகிறார்கள், அது சரியன்று. தோலில் நடந்தது ஏற்பியின் தகவமைவு. அங்கே அனுப்பப்படும் குறிப்பே குறைந்துவிடுகிறது. தறிச் சத்தத்திலோ காது குறிப்பை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது, "இதனால் எதுவும் நேரப்போவதில்லை" என்று கற்றுக்கொண்ட மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை. சத்தம் நின்றதும் விழிப்பு வருவதே, உள்ளே யாரோ அதைக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்குச் சான்று. இந்த இரண்டாம் வகையே எல்லாக் கற்றலிலும் மிக எளிய கற்றல்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். "எங்களுக்குத் தறிச் சத்தம் பழகிப்போச்சு" என்பவர்களில் சிலருக்கு உண்மையில் பழகியிருக்காது, செவித்திறன் குறைந்திருக்கும். உட்செவியின் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருப்பவர்கள் காதடைப்பான் அணிந்துகொள்ள வேண்டும்.

காரம் பற்றி ஓர் இடைக்குறிப்பு

நம் மரபு சுவையை ஆறாக எண்ணுகிறது. உடலியங்கியலோ இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சிச்சாறு போன்ற சுவை) என ஐந்தை ஏற்கிறது. ஐந்தாவதை 1908இல் ஜப்பானின் கிக்குனே இக்கேடா இனங்கண்டார். கார்ப்பும் துவர்ப்பும் இந்தப் பட்டியலில் இல்லாததைக் கண்டு வருந்த வேண்டியதில்லை, அவை வேறு வாசல் வழியாக வருகின்றன. பள்ளிபாளையம் சிக்கனில் உள்ள மிளகாயின் கேப்சைசின், ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை அறிவிக்கும் அதே ஏற்பியைத் திறந்துவிடுகிறது. இதை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நாக்கு "எரிகிறது" என்று நாம் சொல்வது உவமை அன்று, நரம்பு அனுப்பும் செய்தியே அதுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலக்காய்த் தேநீரை ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். இனிப்பும் சிறு கசப்பும் மட்டும் இருக்கும், மூக்கை விட்டவுடன் ஏலக்காய் வந்து சேரும். நாக்கின் நுனி இனிப்புக்கு, ஓரம் புளிப்புக்கு என்று பழைய பாடநூல்களில் இருக்கும் படம் தவறானது. எல்லாச் சுவைகளும் நாக்கில் சுவைமொட்டு உள்ள எல்லா இடங்களிலும் உணரப்படுகின்றன.

நான்காம் படி: மூளை தானே நிரப்பிக்கொள்ளும் இடங்கள்

வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், அதிலிருந்து 7 அல்லது 8 சென்டிமீட்டர் தள்ளி வலப்பக்கம் ஒரு கரும்புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்துக்கொண்டே தாளைக் கை நீளத்திலிருந்து மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 25 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் புள்ளி மறைந்துவிடும். விழித்திரையிலிருந்து நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியேற்பிகளே இல்லை. 1660களில் பிரான்சின் மாரியோட் இந்தக் குருட்டிடத்தைக் கண்டுபிடித்தார். நான் இதை வகுப்பில் காட்டும்போது இன்னொரு தாளையும் வைத்திருப்பேன். அதில் பவானி ஜமக்காளத்தின் பட்டைகளைப் போலச் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் தீட்டி, அவற்றின் மேல் புள்ளியை இட்டிருப்பேன். இங்கே புள்ளி மறையும்போது அந்த இடத்தில் ஓட்டை தெரிவதில்லை. பட்டைகள் இடையறாமல் ஓடுகின்றன. கண் அனுப்பாத பட்டையை மூளை சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தானே நெய்துகொள்கிறது.

வண்ணத்தில் இதைவிடச் சிக்கல் மிகுதி, திருப்பூரில் அதற்குப் பணமும் செலவாகிறது. சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியும் துணி வாங்கும் பையர் அனுப்பிய மாதிரியும் டியூப்லைட் வெளிச்சத்தில் அச்சாக ஒன்றாக இருக்கும். வாசலுக்கு எடுத்துச் சென்று வெயிலில் பார்த்தால் ஒன்று சற்றுச் சிவந்து காட்டும். சாயங்கள் வேறாக இருப்பதால் அவை திருப்பி அனுப்பும் ஒளிக்கலவையும் வேறாகவே இருக்கிறது. ஆனால் நம் கண்ணில் மூன்றே வகைக் கூம்புச்செல்கள்தாம் உள்ளன. வெவ்வேறு கலவைகள் அந்த மூன்றையும் ஒரே விகிதத்தில் தூண்டிவிட்டால், மூளைக்கு அவற்றைப் பிரித்தறிய வழியே இல்லை. விளக்கு மாறினால் விகிதம் மாறி, குட்டு வெளிப்பட்டுவிடும். இதனால்தான் ஷேடு பார்ப்பவர்கள் பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று விளக்குகளை மாற்றி மாற்றிப் பார்க்கும்படி லைட் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். வீட்டில் செய்ய வேண்டுமானால், ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றைக் கறுப்புத் துணியின் மேலும் மற்றொன்றை வெள்ளை வேட்டியின் மேலும் வையுங்கள். கறுப்பின் மேலிருப்பது வெளுத்துத் தெரியும். இரண்டும் ஒன்றே என்று தெரிந்த பிறகும் அப்படித்தான் தெரியும். அறிவு வந்து புலன்காட்சியைத் திருத்துவதில்லை.

இரவில் தோட்டத்துச் சாளைக்குப் போகும் வழியில் சொட்டுநீர்க் குழாய்த் துண்டு பாம்பாகத் தெரிவது திரிபுக்காட்சி. அங்கே ஏதோ ஒரு தூண்டல் இருக்கிறது, அது தவறாகப் பொருள்கொள்ளப்படுகிறது. தூண்டலே இல்லாமல் தோன்றினால் அது இல்பொருள் காட்சி. தேர்வில் இந்த இரண்டையும் மாற்றி எழுதுபவர்கள் மிகுதி. அந்த வழியில் நேற்று பாம்பு பார்த்ததாக யாரேனும் சொல்லியிருந்தால், இன்று குழாய் பாம்பாகும் வாய்ப்புக் கூடுகிறது. மூளை குறிப்பு வந்த பிறகு வேலையைத் தொடங்குவதில்லை, எதிர்பார்ப்போடு முன்பே காத்திருக்கிறது. வடிவங்களை முழுமையாக்கிப் பார்க்கும் நம் இயல்பை விளக்கிய கெஸ்டால்ட் உளவியல், 1912இல் மாக்ஸ் வெர்தைமர், அசையாத படங்கள் அசைவதாகத் தெரியும் தோற்ற இயக்கம் பற்றி வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள்.

எதிர்பார்ப்பின் மறுபக்கம், எதிர்பாராததைக் காணாமலே விடுவது. 1999இல் சைமன்ஸ், சாப்ரி ஆகியோர் பந்து எறிவதை எண்ணும்படி கேட்டு ஒரு காணொளியைக் காட்டினார்கள். நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்து போனதை ஏறக்குறைய பாதிப் பேர் பார்க்கவே இல்லை. கண்ணில் படுவதற்கும் கருத்தில் படுவதற்கும் இடையில் கவனம் நிற்கிறது.

ஐந்தாம் படி: பாவ்லோவின் நாயும் பக்கத்துத் தோட்டத்துப் பசுவும்

ரஷ்ய உடலியங்கியல் அறிஞர் இவான் பாவ்லோவுக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காக. கற்றல் பற்றிய ஆய்வுக்காக அன்று. உணவு வாய்க்கு வருமுன்பே, உணவு கொண்டுவரும் ஆளின் அரவத்துக்கே நாய்களுக்கு எச்சில் ஊறுவதைக் கண்டு அவர் அதன் பின்னே போனார். நம் பாடநூல்கள் மணியை மட்டுமே சொல்கின்றன. அவரோ மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி), பஸர், விளக்கு, தோலில் தொடுதல் எனப் பலவற்றைப் பயன்படுத்தினார்.

கட்டுத்தரைக்குத் திரும்புவோம். கன்று முட்டுவதும் கை மடியில் படுவதும் இயற்கைத் தூண்டல். அதனால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து ஆக்சிடோசின் சுரந்து, இரத்தத்தில் கலந்து, மடிக்குச் சென்று பாலை இறக்குவது இயற்கைத் துலங்கல், அதாவது தூண்டலுக்கு எழும் எதிர்வினை. போசிச் சத்தத்துக்கும் பாலுக்கும் தொடக்கத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. நாள்தோறும் இரண்டு வேளை, சத்தம் முந்தியும் கை பிந்தியும் வந்ததால், சத்தம் செயற்கைத் தூண்டலாகிவிட்டது. அதற்குச் சுரப்பு விடுவது செயற்கைத் துலங்கல். இப்படி ஒன்றோடொன்று இணைத்துக் கற்பதற்குத்தான் ஆக்கநிலையிறுத்தம் என்று பெயர்.

நீங்களே செய்து பார்க்க எலுமிச்சை போதும். துணையாள் கண்ணை மூடி வாயைச் சற்றுத் திறந்திருக்கட்டும். முதலில் டம்ளரைக் கரண்டியால் தட்டி மட்டும் பாருங்கள், எச்சில் ஊறாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டம்ளரைத் தட்டி, ஒரு நொடி கழித்து நாக்கில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று ஒழுங்கில்லாத இடைவெளிகளில் இருபது முறை செய்யுங்கள். ஒழுங்கான இடைவெளி வைத்தால் ஆள் சத்தத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கற்றுக்கொள்வார். பின்னர் சாறு இல்லாமல் தட்டுங்கள். எச்சிலை விழுங்கும் அசைவு தொண்டையில் தெரியும். இதற்கும் பொறுமை இல்லாதவர்கள், கீறிய கிளிமூக்கு மாங்காயில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவியிருப்பதை நினைத்தால் போதும். இந்த வரியைப் படிக்கும்போதே வாயில் நடந்தது என்னவோ அதுதான் பாடம்.

வரிசை மாறினால் கற்றல் குலைந்துவிடும். சாறு முந்திச் சத்தம் பிந்தினால், அல்லது இரண்டும் ஒரே கணத்தில் வந்தால், துலங்கல் மிக வலுவற்றதாக இருக்கும். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் போதும் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1968இல் ராபர்ட் ரெஸ்கார்லா அதை எலிகளில் சோதித்து மறுத்தார். ஓசை ஒலிக்கும்போது மின்னதிர்ச்சி வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டோ, ஓசை இல்லாதபோதும் அவ்வளவே வாய்ப்பு இருந்தால், இரண்டும் எத்தனை முறை சேர்ந்து வந்தாலும் எலி ஓசைக்கு அஞ்சவில்லை. வீட்டுப் பிள்ளைகள் அந்தப் போசியை நாளெல்லாம் தட்டி விளையாடினால், மாடு அந்தச் சத்தத்தைச் சட்டை செய்யாது என்பதற்கும் காரணம் இதுவே. லியான் காமின் இன்னொன்று கண்டார்: ஓர் ஓசை ஏற்கெனவே முழுமையாக முன்னறிவிக்கும்போது, அதனோடு ஒரு விளக்கையும் சேர்த்தால், விளக்கைப் பற்றி விலங்கு ஏறத்தாழ எதையும் கற்பதில்லை. போசிக்கே சுரப்பு விடும் மாட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ரேடியோவை வைத்தால், அந்தப் பாட்டு வெறும் பாட்டாகவே இருக்கும். தோல் மாற்றத்தைத்தான் அறிவித்தது, காது புதியதைத்தான் பொருட்படுத்தியது. கற்றலும் எதிர்பாராதது நேரும்போது மட்டுமே நடக்கிறது. 1972இல் ரெஸ்கார்லாவும் வாக்னரும் இதை ஒரு சமன்பாடாகவே எழுதினார்கள்.

சாறில்லாமல் தட்டிக்கொண்டே இருந்தால் துலங்கல் படிப்படியாக மறையும். அது அழிந்துவிட்டது என்று எழுதாதீர்கள். மறுநாள் முதல் தட்டுக்கே ஓரளவு திரும்பி வரும். பழையது அப்படியே இருக்க, "இப்போது வராது" என்னும் புதியதொன்று மேலே கற்கப்பட்டிருக்கிறது.

எல்லாம் எல்லாவற்றோடும் சமமாக இணைவதில்லை. எனக்கு எட்டு வயதிருக்கும். அப்புச்சி ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு அம்மாயி சுட்ட கச்சாயத்தை வயிறு முட்டத் தின்றேன். அன்றிரவே காய்ச்சலும் வாந்தியும். அந்தத் தெருவில் கச்சாயமே தின்னாத பிள்ளைகளுக்கும் அதே காய்ச்சல் இருந்தது, அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் இன்றுவரை எண்ணெயில் வெல்லம் வேகும் மணம் வந்தால் என் வயிறு புரட்டுகிறது; அன்று உடுத்தியிருந்த புதுச்சட்டையின் மீதோ, அடித்த பறையின் மீதோ எந்த வெறுப்பும் வரவில்லை. 1966இல் கார்சியா, கோயலிங் ஆகியோர் எலிகளில் கண்டதும் இதையே. நோயுற்ற எலிகள் தாங்கள் குடித்த சுவையைத் தவிர்த்தன. மின்னதிர்ச்சி பெற்ற எலிகள் குடிக்கும்போது இருந்த ஒளியையும் ஓசையையும் தவிர்த்தன. சுவைவெறுப்பு ஒரே முறையில், சில மணி நேர இடைவெளியிலும் உண்டாகிவிடும்.

அச்சமும் இப்படிக் கற்கப்படுவதே. 1920இல் வாட்சனும் ரெய்னரும் ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து அச்சமூட்டினார்கள். அந்த அச்சத்தைப் போக்காமலே ஆய்வு முடிந்தது. இன்று எந்த அறநெறிக் குழுவும் அதை அனுமதிக்காது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் முயலுக்கு அஞ்சிய ஒரு சிறுவனுக்குச் செய்தது. நம் ஊரில் நாய்க்கு அஞ்சும் பிள்ளைக்கும் அதே முறை பொருந்தும். பிள்ளை விரும்பும் தின்பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது, கட்டிப்போட்ட சாதுவான நாயை, பிள்ளை தின்பதை நிறுத்தாத அளவு தொலைவில் நிறுத்துங்கள். ஒவ்வொரு நாளும் சில அடிகள் மட்டும் நெருங்கலாம். தின்பதை நிறுத்திவிட்டால் நெருங்கியது மிகுதி என்று பொருள், முந்தைய நாள் தொலைவுக்குத் திரும்புங்கள். "ஒண்ணும் பண்ணாது சாமி, தொட்டுப் பாரு" என்று கையைப் பிடித்து இழுப்பது, தின்பண்டத்தையும் சேர்த்து வெறுக்க வைக்கும்.

ஆறாம் படி: செயலின் விளைவால் கற்றல்

இதுவரை கண்டதில் விலங்கு எதையும் செய்ய வேண்டியதில்லை. தூண்டல் வந்தது, துலங்கல் எழுந்தது. 1898இல் எட்வர்ட் தார்ண்டைக் பூனைகளைப் புதிர்ப்பெட்டியில் அடைத்து, தாழ்ப்பாளைத் திறக்க அவை எடுக்கும் நேரம் முறைக்கு முறை குறைவதை அளந்தார். நல்ல விளைவைத் தரும் செயல் நிலைபெறும் என்ற விளைவு விதி அதிலிருந்து பிறந்தது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் அதை, செயலின் விளைவால் நடக்கும் கற்றலான செயல்படு ஆக்கநிலையிறுத்தமாக விரித்தார்.

தேர்வில் மதிப்பெண் போகும் இடம் எதிர்மறை வலுவூட்டல். அதைத் தண்டனை என்று எழுதினால் தவறு. வலுவூட்டல் என்றாலே, நேரானாலும் எதிரானாலும், செயல் மிகுவதுதான். சீட் பெல்ட் போடும்வரை கார் கீ கீ என்று கத்துகிறது, போட்டதும் நிற்கிறது, அதனால் போடுகிறோம். தொல்லை நீங்கியதால் செயல் மிகுந்தது. செயல் குறைந்தால்தான் அது தண்டனை.

வலுவூட்டல் எப்போது கிடைக்கிறது என்பதைப் பொறுத்து நடத்தையின் வடிவமே மாறும். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லர், இத்தனை உருப்படிக்கு இவ்வளவு என்ற நிலையான விகிதத்தில் இருக்கிறார்; கை விரைந்து ஓடும், ஒரு கட்டு முடிந்ததும் டீக்குப் போவார். இத்தகைய இடைநிறுத்தத்தை ஸ்கின்னரின் புறாக்களும் காட்டின. எத்தனை முறைக்கு ஒரு முறை கிடைக்கும் என்பது தெரியாத மாறும் விகிதமோ, இடைநிறுத்தமே இல்லாத, எளிதில் மறையாத நடத்தையை உண்டாக்கும். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடைசெய்யப்படும் முன், பேருந்து நிலையத்தில் சீட்டைச் சுரண்டிக்கொண்டே நின்றவர்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஒரே தாவலில் செய்ய இயலாததைச் சிறு சிறு படிகளாக வலுவூட்டிக் கொண்டுவருவது வடிவமைத்தல். காளைக்கன்றை வண்டிக்குப் பழக்குபவர்கள் முதலில் வெறும் நுகத்தடியை மட்டும் கழுத்தில் வைத்து, பிறகு பழகிய மாட்டோடு சேர்த்துப் பூட்டி, பாரத்தைக் கடைசியில்தான் ஏற்றுகிறார்கள். இதில் பாதி, தறிச் சத்தத்தைப் போலப் பழகிப்போதல், மறுபாதிதான் வடிவமைத்தல். இரண்டையும் பிரித்து எழுதினால் விடைத்தாள் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

இந்தக் கோட்பாட்டுக்கும் எல்லை உண்டு. 1930இல் டோல்மனும் ஹான்சிக்கும், பரிசே பெறாமல் புதிர்வழியில் திரிந்த எலிகள், பரிசு வைத்ததும் மற்ற எலிகளுக்கு உடனே இணையாக ஓடியதைக் காட்டினார்கள். 1961இல் பந்துரா, பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாமும் அப்படியே அடித்ததைக் காட்டினார். வலுவூட்டல் கற்றலை விட, கற்றதை வெளிப்படுத்துவதில் மிகுதியாகப் பங்கு கொள்கிறது என்பதே என் கருத்து.

ஏழாம் படி: சூழலை மாற்றிப் பார்த்தல்

எல்லாச் சோதனைகளையும் முடித்த பிறகு, எலுமிச்சைச் சோதனையை வேறு அறையில், வேறு ஆளை வைத்துத் தட்டச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் துலங்கல் குறைந்திருக்கும். கற்றது சத்தத்தோடு மட்டுமல்லாமல், அந்த அறையோடும் ஆளோடும் சேர்ந்தே கற்கப்பட்டிருக்கிறது.

சென்ற ஆண்டு பக்கத்துத் தோட்டத்துக்காரர் அந்தப் பசுவை அந்தியூர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்கு விற்றார். மூன்றாம் நாளே போன் வந்தது: "ஏனுங்க, மாடு சொரப்பே விட மாட்டேங்குதுங்களே." புதிய இடத்தின் அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின், ஆக்சிடோசின் வேலை செய்வதைத் தடுத்துவிடும், அதோடு பழைய சத்தமும் அங்கே இல்லை. இவர் பால்போசியைப் பஸ்சில் கொடுத்தனுப்பினார், அடுத்த வாரத்தில் மாடு பழையபடி கறக்கத் தொடங்கியது. போசி போய்ச் சேர்ந்ததும் அச்சம் தணிந்ததும் ஒரே வாரத்தில் நடந்துவிட்டதால், எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை மாடு விற்றால் போசியைப் பத்து நாள் தாமதித்து அனுப்பிப் பார்க்கலாமே என்று நான் சொன்னேன். "பத்து நாளைக்குப் பாலில்லைன்னா, மாடு வாங்குனவரு போசியையா கேப்பாருங்க, பணத்தையில்லீங்க திருப்பிக் கேப்பாரு" என்றார் அவர்.